விரிசல் விழுந்த அடுப்புக்கு என்ன விலை?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர் தலைகாட்டும் மாதங்களில் பழைய விறகு அடுப்புகள் மும்முரமாகக் கைமாறும். நாம் சமையற்கட்டில் வைத்துப் பழகிய அடுப்பு அல்ல இது. கூடத்தில் நான்கு கால்களில் நின்று, புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே அனுப்பிவிட்டு வீட்டைச் சூடாக்கும் வார்ப்பிரும்புப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் கனம். கொட்டகையில் பல வருடம் கிடந்து துருவேறி, பக்கத் தகடு விரிந்து, கீல் உடைந்து, எரிதட்டு நெளிந்து விற்பனைக்கு வரும் இப்படி ஒன்றை எடுக்கலாமா, விடலாமா? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், விரிசலைப் பார் என்பது. மயிரிழையாக இருந்தால் எடு. கத்தி நுனி நுழைந்தால் விடு. பதில் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில். இரண்டரை நூற்றாண்டு அடுப்பு வரலாற்றைப் புரட்டினால், உடைந்த அடுப்பின் மதிப்பைப் பெரும்பாலும் முடிவு செய்தது விரிசலின் அகலம் அல்ல என்று தெரிகிறது. உடைந்த துண்டுக்கு மாற்றாக இன்னொன்றை வார்த்துத்தர யாராவது இருந்தார்களா என்பதே முடிவு செய்தது. அப்படி ஆள் இருந்த காலத்தில் பிளந்த அடுப்பும் சரக்கு. ஆள் இல்லாமல் போன காலத்தில் கீறல் விழாத அடுப்பும் காயலான் கடைக்குத்தான் போனது.

முதல் சாட்சி பென்சில்வேனியா. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களின் அடுப்பு ஐந்து இரும்புத் தகடுகளால் ஆனது: அடியில் ஒன்று, மேலே ஒன்று, பக்கங்களில் இரண்டு, முன்னால் ஒன்று. பின்பக்கம் திறந்திருக்கும். அது சுவருக்குள் பதிந்து, அடுத்த அறையின் கணப்பிலிருந்து கங்கை வாங்கிக்கொள்ளும். தகடுகளின் வெளிமுகத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்பார்கள், காயீன் ஆபேலைக் கொல்வான், கானாவூர்த் திருமணம் நடக்கும். மரப்பலகையில் செதுக்கிய உருவத்தை ஈர மணலில் அழுத்தி எடுத்து, ஊதுலையிலிருந்து ஓடிவரும் இரும்பை அந்தப் பள்ளத்தில் திறந்தபடியே பாயவிட்டு வார்த்தவை இவை. டாய்ல்ஸ்டவுனைச் சேர்ந்த ஹென்றி சாப்மன் மெர்சர் இந்தத் தகடுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைப் பற்றி 1914ல் ‘இரும்பில் விவிலியம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். அவர் தேடிய காலத்தில் அடுப்பாக நின்றவை அரிது. தனித்தனித் தகடுகளாகத்தான் கிடைத்தன. கணப்பின் பின்சுவருக்குக் காப்பாகச் சாய்த்து வைத்தது ஒன்று, வடிகாலுக்கு மூடியாய்ப் போட்டது ஒன்று, பழைய இரும்புக் குவியலில் கிடந்தது ஒன்று. இவற்றில் முழுசாக, கூர்மை மழுங்காமல் இருந்தவை ஏராளம். இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஐந்து தகட்டில் ஒன்று போனால் மிச்சம் நான்கும் நல்ல தகடுகள்தான், ஆனால் அடுப்பு இல்லை. அந்த ஒன்றை வார்த்த உலை அணைந்திருந்தால், செதுக்கிய பலகை விறகாகிப் போயிருந்தால், நான்கு தகட்டின் நல்ல உடம்பால் யாருக்கும் சூடு கிடைக்காது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினைத் தொடாமல் எந்த அடுப்பு வரலாறும் நகர்வதில்லை. தன் புதிய கணப்பைப் பற்றி அவர் 1744ல் வெளியிட்ட சிறுநூலும், ஆளுநர் தரவந்த காப்புரிமையை அவர் மறுத்த பெருந்தன்மையும் பலருக்குத் தெரிந்தவை. நம் விஷயத்துக்கு அவரால் அதிகப் பயன் இல்லை. திருப்பம் வந்தது 1830களில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரை நகரங்களான ஆல்பனியிலும் டிராயிலும். அதுவரை அடுப்புத் தகடு வார்ப்பது காட்டோரத்து ஊதுலைகளின் உபதொழில். தாது கிடைக்கும் இடத்தில், மரக்கரி சுடும் இடத்தில்தான் உலை இருக்கும். கட்டி இரும்பை ஊருக்குள் கொண்டுவந்து மறுபடி உருக்கும் கூபோலா உலை பரவியதும் வார்ப்படத் தொழில் காட்டை விட்டு நகரத்துக்கு வந்தது. 1825ல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய் மேற்கே போக வழி கொடுத்தது. ஹட்சன் ஆறு தெற்கே நியூயார்க் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. இன்னொன்றும் அங்கே மண்ணிலேயே இருந்தது: வார்ப்படக்காரர்கள் ‘ஆல்பனி மணல்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய நுண்மணல். பூவேலைப்பாட்டின் இழைகளைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும் அந்த மணலில், கால் அங்குலத்துக்கும் குறைவான தடிமனில் பெரிய தகடுகளை வார்க்க முடிந்தது. தகடு மெலிந்தால் இரும்பு மிச்சம், படகுக் கூலியும் மிச்சம். தோட்டத்து வீட்டுக்காரர்கூட வாங்கும் விலைக்கு அடுப்பு இறங்கியது இந்த மெலிவால்.

அந்த மெலிவுதான் விரிசலுக்கும் தாய். மெல்லிய அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இரும்பு ஓடிப் பாய வேண்டுமென்றால் அதில் பாஸ்பரஸ் கூடுதலாக இருக்க வேண்டும். பாஸ்பரஸ் கூடினால் ஆறிய இரும்பு முறுகலாகிவிடும். சாம்பல்நிற வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாகக் கிடப்பதால் அது இயல்பிலேயே வளைந்து கொடுக்காத சாதி. இப்போது ஒரு பக்கத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதி நெருப்புக்கு நேரே நின்று பழுக்கிறது. விளிம்போ மற்றத் தகடுகளோடு மரைக்கம்பியால் இறுக்கப்பட்டு, அவ்வளவு சூடேறாமல் இருக்கிறது. நடு விரியப் பார்க்கும், விளிம்பு விடாது. நெருக்குண்ட நடுப்பகுதி சூட்டில் சற்றே அமுங்கிக் கொடுத்துவிடும். நெருப்பு அணைந்து ஆறும்போது, அமுங்கிய பகுதிக்குத் தன் பழைய அளவுக்குத் திரும்ப இரும்பு போதாது, இழுபடும். இழுவையைத் தாங்காத உலோகம் பிளக்கும். சிவக்கச் சிவக்க எரிப்பது, உள்ளே அடுக்கும் தீச்செங்கல் இல்லாமல் எரிப்பது, சாம்பல் முழுவதையும் வழித்துவிட்டு வெறும் அடித்தகட்டில் தீ மூட்டுவது, இணைப்புக்கம்பியை மூச்சுவிட முடியாத அளவுக்கு முறுக்கிவிடுவது ஆகிய எல்லாமே இந்த ஒரே கதைக்குப் பல தொடக்கங்கள். நம் ஊர் மண் அடுப்பு விரிந்தால் களிமண்ணையும் சாணியையும் குழைத்துப் பூசி, காயவிட்டு, மறுநாள் உலை வைக்கலாம். செய்த பொருளே செப்பனிடும் பொருளாகவும் இருக்கிறது. வார்ப்பிரும்புக்கு அந்த வசதி கிடையாது. செய்த இடத்துக்குப் போனால்தான் மருந்து.

அடுப்பு செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உடையாத அடுப்பைச் செய்ய முயல்வதைவிட, எது உடைய வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்வது மேல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததை அடுப்புகளின் உடலமைப்பே காட்டுகிறது. பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரி வீட்டு அடுப்புகளுக்கு வந்தபோது அதன் கடும் சூட்டில் வெளித்தகடு தாங்காது என்பதால், உள்ளே தனியாக ஒரு நெருப்புச் சட்டியை வைத்தார்கள். அது பிளக்கும், பிளந்தால் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். சமையல் அடுப்புகளில் நெருப்பறையைச் சுற்றிலும் கழற்றி மாட்டும் உட்தகடுகள், அடியில் எரிதட்டு, மேலே வட்ட மூடிகள். எரிந்து தீரும் பாகங்கள் எல்லாமே தனித்துண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணோ எழுத்தோ வார்ப்பிலேயே பதிந்திருக்கும். அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதிப் போட்டால் துண்டு வந்துசேரும். செயின்ட் லூயிஸில் ஜைல்ஸ் ஃபில்லி வார்த்த ‘சார்ட்டர் ஓக்’ அடுப்பு மேற்கே வெகுதூரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் போனது. ஆலையிலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒருவர் இவ்வளவு கனமான பொருளை நம்பி வாங்க வேண்டுமென்றால், எரிதட்டு போனால் வேறு கிடைக்கும் என்ற உறுதி இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகாகோ, செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களில் அடுப்பே செய்யாமல், அடுத்தவர் அடுப்புக்குப் பாகம் மட்டும் வார்த்து விற்ற நிறுவனங்கள் தோன்றின. அசல் ஆலைக்காரர்களுக்கு இது வயிற்றெரிச்சல். பழைய அடுப்பை வாங்குபவருக்கோ இதைவிட நல்ல செய்தி இல்லை. அன்றைக்கு ஓர் உடைந்த அடுப்பின் விலையைக் கணக்கிடுவது கஷ்டமான காரியமே இல்லை: முழு அடுப்பின் பழைய விலை, அதிலிருந்து பாகத்தின் விலையும் ரயில் கூலியும் கழியும். விரிசலின் நீளம் இந்தக் கணக்குக்குள் எங்கேயும் வராது.

பாகம் வந்துசேரும் இந்தச் சங்கிலியின் உயிர்க்கண்ணி அடுப்பும் அல்ல, உலையும் அல்ல. கோவை ஃபவுண்டரிக்காரர்கள் ‘பேட்டர்ன்’ என்று சொல்கிற மூலமாதிரிதான். முதலில் மரத்தில் செதுக்கி, அதிலிருந்து உலோகத்தில் ஒரு பிரதி எடுத்து, அதை மணலில் ஆயிரக்கணக்கான முறை பதிப்பார்கள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்னை எப்போதும் சற்றுப் பெரிதாகவே செய்திருப்பார்கள். ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய எட்டில் ஓர் அங்குலம். ‘உடைந்த துண்டு கையில் இருக்கிறதே, அதையே மணலில் அழுத்தி வார்த்தால் போச்சு’ என்று சொல்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கையில் இருக்கும் துண்டு ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதிலிருந்து வார்த்த பிரதி இன்னொரு முறை சுருங்கும். இரண்டடி நீளப் பக்கத் தகட்டில் இது கால் அங்குலம். பெட்டியின் நான்கு பக்கமும் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று உட்காரும் அடுப்பில் கால் அங்குலம் குறைந்த தகடு உட்காராது; உட்காரவைத்தால் காற்று புகும். சிறிய எரிதட்டுக்கும் கீலுக்கும் இந்தக் குறை பொருட்டில்லை, அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். கதவு என்றால் யோசிக்க வேண்டும். பக்கத் தகடு, மேல்தகடு என்றால், சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்த அளவுகோலால் புதிதாகப் பேட்டர்ன் செய்யச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தகட்டுக்காக அதைச் செய்தால் கூலி அடுப்பின் விலையைத் தாண்டிப் போகும். ஆக, விரிசல் எவ்வளவு என்பதைக் காட்டிலும் எந்தத் துண்டில் என்பது முக்கியமாகிறது; எந்தத் துண்டில் என்பதும் பேட்டர்ன் பிழைத்திருக்கிறதா என்ற கேள்வியின் இன்னொரு முகம்தான்.

‘அந்தக் காலத்து இரும்பு நல்ல இரும்பு, எத்தனை காலமானாலும் நிற்கும்’ என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் உண்டு. இது பாதி உண்மை. 150 ஆண்டு கடந்தும் இன்று எரிகிற அடுப்புகள் இருக்கின்றன. ஆனால் பிழைத்து நிற்பவற்றை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கால இரும்புக்குச் சான்றிதழ் கொடுப்பது நியாயமல்ல. பிளந்தவை பழைய இரும்போடு போய்விட்டன, சாட்சி சொல்ல வரப்போவதில்லை. தவிரவும், வார்ப்பிரும்பு மாறாமல் இருப்பதாக நினைப்பதே தவறு. திரும்பத் திரும்பச் செந்நிறத்துக்குச் சூடேறிய சாம்பல்நிற வார்ப்பிரும்பு நிரந்தரமாக வீங்கிவிடுகிறது. உள்ளமைப்பு மாறி, செதில் ஓரங்களில் ஆக்ஸிஜன் புகுந்து, அளவும் கூடி வலுவும் குறைகிறது. நெருப்புக்கு நேராக இருந்த தகட்டின் பரப்பு வெளிறி, உதிரும் பொருக்காக இருந்தால் அந்தத் தகடு தன் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவழித்தாகிவிட்டது என்று பொருள், கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும். வேலைப்பாடு மிகுந்த தகடுகளில் இன்னொரு வம்பு: கொடியும் பூவும் சுருளும் மயிரிழைக் கீறலை அழகாக மறைத்துவிடும். இருட்டிய பிறகு அடுப்புக்குள் ஒரு விளக்கை வைத்துக் கதவைச் சாத்தினால் வெளியே வெளிச்சக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது இன்னொன்று. நல்ல தகடு கணீரென்று பேசும், பிளந்தது தொண்டை கட்டிய குரலில் பதில் சொல்லும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பற்றவைக்கத் தெரிந்தவர் இருக்கும்போது பேட்டர்னைப் பற்றி ஏன் புலம்ப வேண்டும்? வார்ப்பிரும்பைப் பற்றவைக்க முடியும் என்பது உண்மை. தகடு முழுவதையும் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்தால் ஒட்டும் முறையும் உண்டு. கால், கீல், கதவுக் கைப்பிடி, அலங்கார விளிம்பு என்று நெருப்பிலிருந்து தள்ளியிருக்கும் பாகங்களுக்கு இது தாராளமாகப் போதும். நெருப்பறையின் சுவருக்குத்தான் போதாது. முன்பு அந்த இடத்தைப் பிளந்த அதே இழுவை மறுபடியும் அங்கே வரும். ஒட்டிய கோட்டை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் பிளக்கும். பட்டறைக்காரரின் கைவேலையில் குறை இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. இடம் அப்படி. இதிலிருந்து தப்பிப்பது எஃகுத் தகட்டால் செய்த அடுப்புகள் மட்டுமே, அவற்றை என் வாதத்துக்கு விலக்காக ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்: தகட்டை வெட்டி வைத்துப் பற்றவைக்கப் பேட்டர்ன் எதற்கு? ஓரெகன் மாநிலத்தில் பாப் ஃபிஷர் 1970களில் செய்யத் தொடங்கிய, மேல்பரப்பில் ஒரு படி இறங்கும் எஃகு அடுப்புகள் இந்த வகை. அப்பா கரடி, அம்மா கரடி, குட்டிக் கரடி என்று அளவுக்கேற்பப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த எஃகை எந்தப் பட்டறையிலும் செப்பனிடலாம். அப்படியிருந்தும் இன்று அவை மலிவாகக் கிடைப்பதற்கான காரணம் வேறு; அதற்குப் பிறகு வருகிறேன்.

பாகச் சங்கிலி அறுந்த கதையைச் சொல்ல மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போதும். 1940ல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 55 நிலக்கரியாலும் 23 விறகாலும் சூடாயின. 1970ல் விறகின் பங்கு 1.3 ஆகச் சுருங்கிவிட்டது. முப்பதே ஆண்டு. எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. நடுவே உலகப்போர் வந்து, அடுப்பு வார்த்த ஆலைகளைப் போர்த்தளவாடத்துக்குத் திருப்பியது. பழைய இரும்பு சேர்க்கும் இயக்கங்களில் பயன்படாத அடுப்புகள் வண்டி வண்டியாகப் போயின. மிச்சிகனின் டவாஜியாக்கில் 1871 முதல் உருளை வடிவ அடுப்புகளைச் செய்து பெரும்புகழ் பெற்ற ‘ரவுண்ட் ஓக்’ போன்ற பெயர்கள்கூட நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டவில்லை. டெட்ராய்ட், கார் நகரம் ஆவதற்கு முன் அடுப்பு நகரம் என்று பெயர் எடுத்திருந்தது. அங்கேயும் அதே கதை. ஆலை மூடினால் பேட்டர்ன்களைப் பூட்டிவைத்துக் காக்க யாருக்கும் காரணமில்லை. மரம் அடுப்பெரிக்கப் போகும், பித்தளையும் இரும்பும் எடைக்குப் போகும். இந்த முப்பது ஆண்டுகளில் அடுப்புகளின் உடம்பில் திடீரென்று புது விரிசல்கள் பெருகிவிடவில்லை. பல அடுப்புகளில் தீயே மூட்டவில்லை. ஆனாலும் கொட்டகையில் சும்மா நின்றிருந்த நல்ல அடுப்புகளின் மதிப்பு இந்தக் காலத்தில்தான் அதலபாதாளத்துக்குப் போனது. விரிசல்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்பவர்கள் இதை எப்படி விளக்குவார்கள் என்று தெரியவில்லை.

விறகு வேண்டாம் என்று எண்ணெய்க்குப் போனதால்தானே விலை சரிந்தது, பாகம் கிடைக்காததாலா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 1973ல் கிடைக்கிறது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு விலை சில மாதங்களில் மூன்று நான்கு மடங்கானது. நியூ இங்கிலாந்து வீடுகள் மறுபடியும் விறகைத் தேடி ஓடின. தேவை திரும்பிவிட்டது. பாகமில்லா அடுப்புகளும் உயிர்த்தெழுந்திருக்க வேண்டுமல்லவா? கொட்டகையிலிருந்து இழுத்து வந்தவற்றில் முழுசானவை எரிந்தன. உடைந்தவற்றுக்கு விமோசனம் கிடைக்கவில்லை. சந்தையைப் பிடித்தவை புதியவை. 1975ல் வெர்மான்ட்டில் டங்கன் சைமும் மர்ரி ஹவலும் தொடங்கிய ‘வெர்மான்ட் காஸ்டிங்ஸ்’ நிறுவனம் ‘டிஃபையன்ட்’ அடுப்பைக் கொண்டுவந்து, பிறகு ராண்டால்ஃபில் சொந்தமாக வார்ப்பட ஆலையும் நிறுவியது. நார்வேயின் ‘யோட்டுல்’ அடுப்புகள் கப்பலில் வந்தன. அவற்றின் தோற்றத்தை அப்படியே பார்த்துச் செய்த மலிவுப் பதிப்புகள் தைவானிலிருந்து வந்தன. இன்று இந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்று, ஒரே மாதிரி பின்தகடு நெளிந்து, பக்கத்தில் பக்கமாக விற்பனைக்கு நின்றால் எதை எடுப்பது? பேர்பெற்ற நிறுவனங்கள் எத்தனை முதலாளிகள் கைமாறினாலும் பழைய மாதிரிகள் பலவற்றுக்கும் உட்பாகங்களை இன்னும் விற்கின்றன. எண்ணைச் சொன்னால் பின்தகடு வரும். மலிவுப் பதிப்புக்குக் கடிதம் போட முகவரியே கிடையாது. மூன்றுக்கும் ஒரே நெளிவு, ஒரே விரிசல். மதிப்பு மட்டும் வேறு.

1980களில் இந்தக் கணக்குக்குள் சட்டம் நுழைந்தது. பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை தரையோடு தங்கி மூச்சை அடைத்ததால், ஓரெகன் முதலில் அடுப்புகளுக்குச் சான்று முறையைக் கொண்டுவந்தது. 1988ல் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடு முழுவதற்கும் விதி செய்தது. சான்றில்லாத பழைய அடுப்பு மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகளைக் கக்கும் என்பது அந்த முகமையின் மதிப்பீடு. அந்த விதியின் இரண்டாம் கட்டத்தில் வினையூக்கி உள்ள அடுப்புக்கு 4.1 கிராம், இல்லாததற்கு 7.5 கிராம் என்று வரம்பு வந்தது. 2020லிருந்து புது அடுப்புக்கு 2 கிராம். ஓரெகனில் வீட்டை விற்கும்போது சான்றில்லாத அடுப்பை அகற்றியாக வேண்டும். மொன்டானாவின் லிபி என்ற சிறு ஊரில் 2005லிருந்து இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 1,100 பழைய அடுப்புகளை மாற்றினார்கள். ஃபிஷரின் கரடிகள் மலிவானதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்: எஃகு நன்றாகத்தான் இருக்கிறது, முதுகில் சான்றுத் தகடுதான் இல்லை. அப்படியானால் பாகத்தை விட்டுவிட்டு அந்தச் சிறு தகட்டைத் தேடினால் போதாதா என்றால், போதாது. சான்று பெற்ற அடுப்பு தன் சுத்தத்துக்கு நம்பியிருப்பது எளிதில் தேயும் உறுப்புகளை: தேன்கூட்டுத் துளைகள் கொண்ட வினையூக்கிக் கட்டி, புகையை மறுபடி எரிக்கும் காற்றுக்குழாய்கள், மேலே மெல்லிய தடுப்புப் பலகை. வினையூக்கி சில குளிர்காலங்களில் ஓய்ந்துவிடும். தடுப்புப் பலகை விறகை வேகமாகத் தள்ளினாலே உடையும். நிறுவனம் இருந்தால் இவை சாதாரணச் செலவு. நிறுவனம் மூடிவிட்டால், முதுகில் ஒட்டிய சான்று கடந்த காலத்தைப் பற்றிய தகவல் மட்டுமே. சட்டம் பழைய கேள்வியைத் தள்ளிவைக்கவில்லை, இன்னும் சிறிய, இன்னும் விலை கூடிய துண்டுகளுக்கு மாற்றிவிட்டது.

பாதுகாப்பை முன்வைத்து எழும் ஆட்சேபத்தை அலட்சியம் செய்ய முடியாது. பாகம் கிடைக்கும் என்பதற்காகப் பிளந்த அடுப்பைக் கொண்டுவந்து தூங்கும் வீட்டுக்குள் மூட்டலாமா? கூடாது, துண்டை மாற்றும்வரை ஒருபோதும் கூடாது. விரிசல் செய்யும் கேடு பலர் நினைக்கும் விதத்திலும் அல்ல. புகைபோக்கி சூடாக இருக்கும்போது அது உள்ளிருந்து காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால், விரிசல் வழியே புகை வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். அந்தக் காற்றைக் கட்டுப்படுத்த எந்தத் திருகும் இல்லை என்பதால் நெருப்பு அடங்காமல் எரியும். எரிந்து, விரிசலை இன்னும் வளர்க்கும். புகைபோக்கியின் உட்சுவரில் புகை படிந்து உண்டான கிரியோசோட் என்ற தார் தீப்பிடிக்கவும் இதுவே சந்தர்ப்பம். பின்னிரவில் நெருப்பு தணிந்து இழுப்பு குறையும்போது கதை தலைகீழாகும்: கங்கிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு அதே வழியாக அறைக்குள் வரும். இவ்வளவும் உண்மை. ஆனால் இது என் வாதத்தை முறிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நெருப்பறை விரிசலுக்குத் தீர்வு துண்டை மாற்றுவது ஒன்றே என்று ஆபத்து சொல்லும்போது, மாற்றுத்துண்டு உண்டா என்ற கேள்வி இன்னும் முன்னால் வந்து நிற்கிறது. மயிரிழையாக இருந்தால் எடுக்கலாம் என்று வழக்கமான அறிவுரை தரும் சலுகையையும் இது திரும்பப் பெற்றுக்கொள்கிறது: மாற்றுத்துண்டு இல்லாத அடுப்பின் நெருப்பறையில் மயிரிழையும் மிகை.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது சுத்தியலும் விளக்கும் அல்ல, கம்பித் தூரிகை. துருவைத் தேய்த்து, செய்தவர் பெயரையும் மாதிரி எண்ணையும் உடைந்த துண்டின் முதுகிலுள்ள எண்ணையும் படித்துக்கொண்டு, அந்தத் துண்டு எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்த பிறகு விரிசலைக் குனிந்து பார்க்கலாம். பெயரே இல்லாத, அல்லது பெயர் இருந்தும் ஆள் இல்லாத அடுப்பு என்றால், அதன் நெருப்பறை அப்பழுக்கில்லாமல் இருந்தால் ஒழிய எடைக்கு மேல் ஒரு டாலரும் தரத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் அடங்காத பழைய அடுப்புகளின் ஒரு சிறு கூட்டம் மிஞ்சுகிறது. ஓரெகனும் பக்கத்து வாஷிங்டன் மாநிலமும் சான்றில்லாத அடுப்புகள் மீதான தங்கள் தடையிலிருந்து பழம்பொருள் அடுப்புகளுக்கு விலக்குத் தருகின்றன: 1940க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும், வேலைப்பாடு மிகுந்திருக்க வேண்டும், அதே காலத்துச் சாதாரண அடுப்பைக் காட்டிலும் சந்தை விலை கணிசமாகக் கூடியிருக்க வேண்டும். ஆண்டையும் அழகையும் எழுதியது சரி, சந்தை விலையையும் சட்டத்துக்குள் நிபந்தனையாக எழுதியிருப்பது வேடிக்கைதான். பக்கத் தகடு பிளந்து விலை பாதாளத்துக்குப் போன அடுப்பு அதன் பிறகும் பழம்பொருளா என்று ஒரு வழக்கறிஞர் கேட்டால் அதிகாரி தலையைச் சொறிய வேண்டியிருக்கும். நடைமுறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய அடுப்புகளைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரர்கள். பேட்டர்ன் செத்துப்போன மாதிரிகளுக்கு அவர்களிடம் இருக்கும் ஒரே கிடங்கு, அதே மாதிரியில் இன்னொரு உடைந்த அடுப்பு. ஒன்றில் நெருப்புச்சட்டி போயிருக்கும், கதவுகள் நன்றாக இருக்கும். மற்றொன்றில் கதவு இல்லை, சட்டி புத்தம்புதிது. அதனால்தான் தீ மூட்டவே லாயக்கில்லாத ஒரு ‘ரவுண்ட் ஓக்’ அடுப்புக்கு, பத்து பேர் பார்த்து உதட்டைப் பிதுக்கிய பிறகு, பதினோராவதாக வருபவர் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அவர் வீட்டில் அதே அளவில், அதே மாதிரியில் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அதற்குச் சாம்பல் கதவு மட்டும் இல்லை.